போர் போடாத ஒப்பந்தம்

என் காதுகளை உற்றுப் பார்த்தால் தெரியும், இரண்டு ஓட்டைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. இடது காதில் கொஞ்சம் மேலே, வலது காதில் கொஞ்சம் கீழே. தோடு வாங்கப் போனால் நகைக்கடையில், "குத்துனவன் குடிச்சிருந்தானாம்மா" என்று கேட்பார்கள். ஆசாரி குடிக்கவில்லை. எனக்கு இரண்டு தாய்மாமன்கள், இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யார் மடியில் வைத்துக் காது குத்துவது என்று காலையில் தொடங்கிய தகராறு மத்தியானம் வரை முடியவில்லை. கடைசியில் தாத்தா தீர்ப்புச் சொன்னார். இடது காது பெரிய மாமா மடியில், வலது காது சின்ன மாமா மடியில். பெரிய மாமாவுக்குத் தடித்த தொடை, சின்ன மாமா ஒல்லி. ஆசாரி அதற்குத் தக்கபடி நிமிர்ந்தும் குனிந்தும் குத்திவிட்டுப் போனார். வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்த பிள்ளையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைடு போடுகிற ஒரு சிறிய பதிப்பகத்தில் எனக்கு வேலை. இராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போய், சமூக அறிவியல் கேள்விகளுக்கு விடை எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். விடை என்றுகூடச் சொல்ல முடியாது, பாயிண்ட். பஞ்சங்களையும் படுகொலைகளையும் ஐந்து பாயிண்டுக்குள் அடைக்கிற வேலை. ஆறாவது எழுதினால் முதலாளி சிவப்பு மையில் அடித்துவிடுவார். "பிள்ளைக மனப்பாடம் பண்ணணுமா வேண்டாமா" என்பார். அவர் சொல்வது சரிதான். அந்தச் சரியைக் கேட்டுக் கேட்டே எனக்கு வயிறு எரியும்.

எங்கள் குடும்பத்தில் எல்லாம் நடந்த வருடம் நான் எழுதிக்கொண்டிருந்தது இரண்டாம் உலகப் போர் பாடம். அதில் ஒரு கேள்வி: ஜெர்மனியும் சோவியத் ரஷ்யாவும் போர் தொடுக்கா ஒப்பந்தம் செய்துகொண்டதற்கான காரணங்களை விவரி. இரண்டு சர்வாதிகாரிகள், கீரியும் பாம்புமாக இருந்தவர்கள். இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் வருடக்கணக்கில் ஒன்றை ஒன்று வாய் கூசாமல் ஏசிக்கொண்டிருந்தன. ஒரு ஆகஸ்ட் மாதத்தில் ஜெர்மன் மந்திரி மாஸ்கோவுக்கே போய்க் கையெழுத்துப் போட்டார். ரஷ்யத் தலைவர் கோப்பையைத் தூக்கி ஜெர்மன் தலைவரின் நலத்துக்குக் குடித்தார். ஏச்சு ஒரே நாளில் நின்றது. உலகமே வாயைப் பிளந்தது என்று எழுதுவார்கள். எனக்கு அந்த இடத்தில் மட்டும் வியப்பு வந்ததே இல்லை.

இனி என் மாமாக்கள். இராஜபாளையத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற பட்டறைகளுக்கு நடுவில் தாத்தாவுக்கு வரிசையாக மூன்று மனைகள். மேற்கு மனையில் தறி ஷெட், கிழக்கு மனையில் துணி வெளுக்கிற பட்டறை. மகன்கள் அடித்துக்கொண்டபோது தறியை மூத்தவருக்கும் வெளுப்பை இளையவருக்கும் பிரித்தார். நடுமனையை அம்மாவுக்குக் கொடுத்தார், வாயால். பத்திரம் மாமாக்கள் இருவர் பெயரிலும் கூட்டாகவே இருந்தது. பொம்பளைப் பிள்ளைக்குப் பத்திரம் எதற்கு, கூடப் பிறந்தவர்கள் இல்லையா என்பது அவர் எண்ணம். மகள் மேல் பாசம் இல்லாதவர் இல்லை. ஆனாலும் அந்த மனையை அவர் அம்மாவுக்கு விட்டது, இரண்டு மகன்களின் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது என்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அப்பா இறந்த பிறகு அம்மா அந்த மனையில் ஒரு கூடம் போட்டாள். நீள நீளமான மேசைகள். வெளுத்து வந்த துணியை அளந்து வெட்டி, ரோலாகச் சுற்றி, உறை போடுகிற வேலை. வன்னியம்பட்டியிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் பெண்கள் வருவார்கள். வாசல் அகலமானது, பெரிய லாரி உள்ளே வந்து திரும்பலாம். பின்னால் தாத்தா போட்ட ஆழ்குழாய்க் கிணறு ஒன்று இருந்தது, எங்கள் பேச்சில் போர். எங்கள் பகுதியில் கிணறு தோண்டினாலும் குழாய் இறக்கினாலும் உப்புத்தான் வரும். அந்தப் போரில் மட்டும் குடிக்கிற தண்ணீர். நான் எம்.ஏ. வரலாறு படித்தது அந்தக் கூடத்துக் காசில்தான்.

மாமாக்கள் இருவரும் அவரவர் காம்பவுண்டுக்குள் ராஜாக்கள். பெரிய மாமா ஷெட்டில் யாரும் பாட்டு முணுமுணுக்கக் கூடாது. சின்ன மாமா ஆட்கள் போகும் டீக்கடையில் யாராவது ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்ததாகக் காதில் விழுந்தால், மறுநாள் அவருக்குத் தறி கிடையாது. சின்ன மாமா உள்ளே வந்தால் தொட்டிக்குள் நிற்கிறவர்கூட வெளியே வந்து நிற்க வேண்டும். பெரிய மாமா கத்துவார், சின்ன மாமா கத்த மாட்டார். எனக்குக் கத்தாதவரைப் பார்த்துத்தான் பயம்.

இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை. எங்கள் பக்கம் அதுதான் அளவு. பேசாமல் இருக்கலாம், பிறகு பேசலாம். ஆனால் ஒரு வீட்டில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் பகை தீர்ந்தது என்று அர்த்தம். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அம்மா இரண்டு பக்கமும் போவாள், இரண்டு பக்கமும் சாப்பிடுவாள், இரண்டு பக்கமும் அழுவாள். பிளவக்கல் போகிற வழியில் எங்கள் குலசாமி இருக்கிறது. வருடம் தவறாமல் அங்கே போய் ஒரே வேண்டுதல்தான். "ரெண்டு பேரும் ஒரே வரிசைல உக்காந்து கை நனைச்சாகன்னா கிடா வெட்டுறேன் தாயி."

பிறகு எங்கோ ஒரு போர் வந்தது.

தொலைக்காட்சியில் இடிந்த கட்டடங்களைக் காட்டினார்கள். எங்கள் பகுதியில் தறிகள் நிற்காமல் ஓடத் தொடங்கின. இதைச் சொல்லக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. உலகத்தில் எங்காவது ரத்தம் கொட்டினால் எங்கள் ஊருக்கு ஆர்டர் வரும். எந்த நாட்டில் சண்டை என்று பெரிய மாமா ஒருநாள் என்னிடம் கேட்டார். சொன்னேன். "அது எங்கிட்டும் இருக்கட்டும் பிள்ள. எம்புட்டு நாளைக்கு நடக்கும்?" என்றார். வரலாறு படித்தவளிடம் கேட்கிற கேள்வி என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

துணியை வாங்குகிற வெளியூர்க் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. நெய்வது, வெளுப்பது, ரோல் சுற்றுவது எல்லாம் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். கண்டெய்னர் லாரி நேரே உள்ளே வந்து ஏற்ற வேண்டும். பெரிய மாமாவிடம் தறி இருந்தது. வெளுக்க வழியில்லை, வாசலோ குறுகல். சின்ன மாமாவிடம் தொட்டிகள் இருந்தன. நெய்ய ஆளில்லை, தண்ணீர் உப்பேறித் துணி மஞ்சளடித்துக்கொண்டிருந்தது. இதை நான் அப்போதே ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்திருக்கலாம். எழுதவில்லை. வேலை நேரத்தில் பாயிண்ட் எழுதி அலுத்தவள் வீட்டில் எதையும் பாயிண்டாகப் பார்ப்பதில்லை.

முதல் அடையாளம் டீக்கடையில் தெரிந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ வருடம் ஏசிக்கொண்டவர்கள், இனி ஏசக் கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் கூடத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தேன். திருத்தும்போது எனக்கு வாய்விட்டுப் படிக்கிற பழக்கம். "போர் தொடுக்கா ஒப்பந்தம்" என்று படித்தேன். அம்மாவின் கை நின்றது.

"போர் போடாத ஒப்பந்தமா? யாரு யாரு கூட?"

எங்கள் வீட்டில் சண்டைக்குச் சண்டை என்றுதான் பெயர். போர் என்றால் தண்ணீர். நான் சிரித்துவிட்டேன். ஜெர்மனி, ரஷ்யா, போலந்து என்று விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டே ரோல் சுற்றினாள்.

"நான் என்னமோ நம்ம போரைத்தான் சொல்லுதாகன்னு நெனச்சேன். தம்பி நேத்து வந்து போர் எம்புட்டு ஆழம்னு கேட்டுட்டுப் போச்சு. பாவம், அதுகிட்ட தண்ணி உப்பாயிருச்சாம்ல."

அவ்வளவுதான். பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது. அம்மாவின் காதில் தவறாக விழுந்த அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருந்தது. எனக்கு அப்போது ஜெர்மனியும் ரஷ்யாவும்தான் தெரிந்தன.

விருந்து எங்கள் கூடத்திலேயே நடந்தது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் முதலில் போக மாட்டார். அம்மா இடம் இருவருக்கும் பொது. பெண்களை எல்லாம் அன்று வேலைக்கு வேண்டாம் என்று சொல்லி, துணி வெட்டுகிற மேசைகளைத் துடைத்து, அதன்மேலேயே இலை போட்டாள். விடியுமுன் தொடங்கி அவளே சமைத்தாள். கறிக்குழம்பு, சுக்கா, ரசம். யாரையும் கரண்டியைத் தொட விடவில்லை. பெரிய மாமா மேற்கு வாசலிலிருந்து வந்தார், சின்ன மாமா கிழக்கு வாசலிலிருந்து வந்தார். பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். பெரிய மாமா தம்பி இலையில் தன் கையால் ஒரு துண்டுக் கறியை எடுத்து வைத்தார். அம்மா சமையல் மறைப்புக்குப் பின்னால் போய் வாயில் முந்தானையை வைத்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. பொய் சொல்ல மாட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் சின்ன மாமா கை கழுவப் பின்பக்கம் போனார். சொம்பை எடுத்துக்கொண்டு நானும் போனேன். கையைக் கழுவினார். ஒரு வாய் தண்ணீரை எடுத்தார். கொப்பளித்துத் துப்பவில்லை. வாயில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விழுங்கினார். திரும்பி, வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். பெரிய மாமா அப்போது எங்கள் வாசலின் அகலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை.

இத்தனை நாள் அந்த மனையை ஏன் யாரும் தொடவில்லை என்பது அந்த நொடியில் விளங்கியது. பத்திரத்தில் இரண்டு பேர். ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் ஒரு செங்கலைக்கூட அசைக்க முடியாது. அவர்கள் பகையாக இருந்த வரை அம்மாவுக்கு இடம் இருந்தது. பாசம் காப்பாற்றியதாக அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றியது பகை.

அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். சட்டி கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏட்டி, ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா? எத்தன வருசத்துக்குப் பொறவு ஒண்ணா உக்காந்து கை நனைச்சிருக்காக. ஒனக்கு எல்லாமே கைடுல எழுதுற சண்டைதானா?"

மறுவாரம் பிளவக்கல் போய்க் கிடா வெட்டினோம். மாமாக்கள் இருவரும் வந்தார்கள். சாமி முன்னால் இருவரும் சேர்ந்து நின்றார்கள். அம்மாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

பெரிய மாமாதான் முதலில் வந்தார், மேற்கிலிருந்து. ஒரு காலையில் அவருடைய ஆட்கள் கூடத்துக்குள் வந்து மேசைகளைத் தூக்கி வெளியே வைத்தார்கள். ரோல் சுற்றும் மெஷின் ஒன்று இறங்கியது. வேலைக்கு வந்த பெண்கள் சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்றார்கள். "ஆர்டர் முடியிற வரைக்குந்தான் பிள்ள. நீ எதுக்குக் கெடந்து கஷ்டப்படுத? வீட்ல இரு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். குரலில் அன்பு இருந்தது. அதை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அம்மா தம்பியிடம் ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை. "தம்பி, நீ போயிக் கேளு. அண்ணன் ஒன் பேச்சக் கேப்பாக." சின்ன மாமா கணக்கைப் பார்த்துக்கொண்டே, "பாக்கேன்க்கா" என்றார். சில நாள் கழித்து அவரும் வந்தார், கிழக்கிலிருந்து. போரைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார். தன் தொட்டி வரை குழாய் இழுத்தார். அம்மா கேட்டதற்கு, "அண்ணன் ஆளுக உள்ள வந்துட்டாகல்லா. தண்ணியாவது நம்ம கையில இருக்கட்டுமேன்னுதான்க்கா. எல்லாம் ஒனக்காகத்தான்" என்றார். அவர் நின்ற இடத்தில் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு இருந்தது. கூடத்தின் பின்சுவரை ஒட்டி நேராகப் போனது. பெரிய மாமாவின் மெஷின் கோட்டுக்கு அந்தப் பக்கம், சின்ன மாமாவின் வேலி இந்தப் பக்கம். ஒரு சாண்கூட யாரும் தாண்டவில்லை. கோடு பழையதாகவும் தெரிந்தது. கறி விருந்துக்கு முன்பே போட்டிருப்பார்கள்.

எங்களுக்கென்று ஒருவர் இருந்தார். அப்பாவின் தம்பி, போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வரும்போதெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு, "மதினி, அந்த எடத்துல எவன் கை வைக்கான்னு பாத்துருவோம். நான் இருக்கேன்லா" என்பார். போன் செய்தேன். கொதித்தார். தன் அண்ணன் பெண்டாட்டிக்கு நடந்ததைச் சும்மா விடப்போவதில்லை என்றார். மாமாக்களைப் பற்றி ஊரெல்லாம் பேசினார். கூடத்துப் பக்கம் மட்டும் வரவேயில்லை. போலந்துக்கும் அப்படித்தான். இங்கிலாந்தும் பிரான்சும் காப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தன. வாக்குப்படி போரையும் அறிவித்தன. மேற்கே ஒருவர், கிழக்கே ஒருவர் என்று அந்த நாட்டைப் பங்கு போட்டு முடிக்கிற வரை காப்பாற்ற யாரும் வந்து சேரவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை எழுதி முடிக்க வேண்டிய கெடு அதே வாரத்தில் வந்தது. உட்கார்ந்து எழுதினேன். ஜெர்மனிக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சண்டை போட முடியாது. கிழக்கை அடைத்துவிட்டு மேற்கே திரும்ப வேண்டும். கடல் வழியை இங்கிலாந்து அடைத்தால் தானியம், எண்ணெய், பருத்தி எல்லாம் ரஷ்யாவிலிருந்துதான் வர வேண்டும். ரஷ்யாவுக்கு மூச்சு விட நேரம் வேண்டும். தன் படைத் தளபதிகளைத் தானே கொன்று தீர்த்துவிட்டு நின்றது. மெஷின் வேண்டும், ஆயுதம் வேண்டும். எல்லைக்கு முன்னால் தடுப்பாக அடுத்தவன் நிலம் வேண்டும். ஐந்து முடிந்தது. கை நிற்கவில்லை. ஆறாவதாக எழுதினேன்: நடுவில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

முதலாளி படித்துவிட்டுச் சிவப்பு மையில் அடித்தார். "இது காரணம் இல்லம்மா. விளைவு. அது வேற கேள்வி, ரெண்டு மார்க்."

"நடுவுல ஒருத்தர் இல்லைன்னா பங்கு போட என்ன சார் இருக்கு? அப்ப அதுதான சார் மொதல் காரணம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். நல்ல மனிதர்தான். பாயிண்ட் மட்டும் திரும்ப வரவில்லை.

ஆர்டர் ஓடியது. தறியில் நெய்த துணி எங்கள் மனை வழியாகக் கிழக்கே போனது. எங்கள் தண்ணீரில் வெளுத்து, டெம்போவில் ஏறி மேற்கே வந்தது. அந்தக் காலத்தில் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு நிற்காமல் போன ரயில்களில் பருத்தியும் போனது. காயத்துக்குக் கட்டுகிற துணியும் பருத்தியில்தான், வெடிமருந்துக்கும் பருத்திதான். கூடத்துப் பெண்களில் சிலர் மில்லுக்குப் போனார்கள், சிலர் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். அம்மா வீட்டில் இருந்தாள். எதையாவது சுற்றாமல் அவளால் இருக்க முடியவில்லை. பழைய சேலைகளைக் கிழித்து ரோலாகச் சுற்றி அலமாரியில் அடுக்குவாள். பிறகு பிரிப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவது எனக்குக் கொடுமையாக இருந்தது.

எங்கோ நடந்த போர் முடியவில்லை. தம்பிக்கு எதற்கு லாபத்தில் பங்கு என்று பெரிய மாமாவுக்குத் தோன்றத் தொடங்கியது. ஷெட்டுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வெளுப்புத் தொட்டிகள் கட்டினார். ஊருக்கே தெரிந்தது. சின்ன மாமாவின் கணக்குப்பிள்ளை அவரிடம் போய்ச் சொன்னார். "எங்களப் பிரிக்கப் பாக்கியோ" என்று அவரை வேலையை விட்டு நிறுத்தினார் சின்ன மாமா. யாரையும் நம்பாத மனுசன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனை நம்பினார். ரஷ்யத் தலைவரும் அப்படித்தான் இருந்தார் என்று படித்திருக்கிறேன். ஜெர்மன் படை எல்லையில் குவிகிறது என்று வந்த செய்தியை எல்லாம் எதிரி கிளப்பிவிட்ட வதந்தி என்றாராம். படை உள்ளே நுழைந்த அன்றுகூட, அதற்குச் சற்று முன்னால் ரஷ்யத் தானியம் ஏற்றிய ரயில் எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்குள் போயிருக்கிறது.

எங்கள் ஊரில் அது டெம்போ. முதல் நாள் சாயங்காலம் வெளுத்த துணியை ஏற்றி வந்து மேற்கே இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டுத்தான் போனது. விடிகாலையில் பெரிய மாமாவின் ஆட்கள் கோட்டைத் தாண்டினார்கள். வேலியைப் பிடுங்கினார்கள். குழாயை அறுத்து மேற்கே திருப்பினார்கள். கிழக்கிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கம்பி, கட்டை, தறிச் சாமான் எல்லாம் பறந்தது. கூடத்தில் அம்மாவோடு ரோல் சுற்றிய ஒரு பெண்ணின் கணவர் பெரிய மாமாவிடம் தறி ஓட்டுகிறவர். அவர் மண்டை உடைந்து எங்கள் வாசலில் விழுந்தார். எங்கள் பகுதியில் கட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. யாரோ கண்டெய்னருக்குக் கட்டி வைத்திருந்த பெட்டியை உடைத்து ரோல் ரோலாக எடுத்துக் கட்டினார்கள். ரத்தம் நிற்கவில்லை. அவர் பிழைத்தார், ஆனால் அதன்பிறகு பேச்சு வரவில்லை. வெளிநாட்டுப் போருக்கு என்று செய்த துணி எங்கள் வாசலிலேயே தீர்ந்தது.

போலீஸ் வந்தது, வழக்கு வந்தது. முடிகிற வரை நடுமனைக்குள் இருவரும் போகக் கூடாது என்று தடை வந்தது. வாசலில் பெரிய பூட்டு ஒன்று தொங்கியது. உள்ளே மெஷின் அப்படியே, போர் அப்படியே, தரையில் கோடும் அப்படியே.

கொஞ்ச நாளில் சின்ன மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். "அக்கா, அப்பா அந்த எடத்த ஒனக்குத்தான் குடுத்தாருன்னு நீ ஒரு வார்த்த கோர்ட்ல சொன்னாப் போதும். அண்ணன் வாயத் தொறக்க முடியாது" என்றார். அது அம்மா இடம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் நினைவு வந்தது. அதற்கு அடுத்த வாரம், அம்மா தன் பக்கம் சாட்சி சொல்ல வேண்டும் என்று பெரிய மாமாவும் ஆள் அனுப்பினார்.

சின்ன மாமா வந்த அன்று அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது, குழம்பு வாசம் வீடு முழுக்க இருந்தது. அவர் சாப்பாட்டு நேரம் வரை உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. வாசலுக்கு வந்த தபால்காரரைக்கூடச் சாப்பிட்டுப் போங்க என்பவள் அவள். கடைசியில் அவரே எழுந்து, "வாரேன்க்கா" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் போன பிறகு இலையைக் கழுவி எனக்கு மட்டும் போட்டாள். தான் சாப்பிடவில்லை.

போன மாதம் ஒரு சேதி வந்தது. சித்தப்பாதான் கொண்டு வந்தார், நல்ல சேதி போல. வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது, ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டது, இருவருக்கும் நஷ்டம், அதனால் பெரியவர்கள் சிலர் உட்கார்ந்து பேசி மாமாக்களை மறுபடியும் சேர்த்து வைக்கப் போகிறார்களாம். நடுமனையை விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டால் வழக்கே தேவையில்லையாம். "பகை தீந்தாச் சரிதான மதினி" என்றார்.

மறுநாள் காலையில் என்னை எழுப்பினாள். "லீவு சொல்லிரு. பிளவக்கல் போகணும்." பஸ்ஸை விட்டு இறங்கினோம். பூ வாங்கினாள், தேங்காய் வாங்கினாள். நான் நினைத்தது, இடம் தனக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்பாள் என்றுதான். சாமி முன்னால் நின்றாள். அவள் எப்போதும் வாய்விட்டுத்தான் வேண்டுவாள். சாமிக்குக் காது கேட்க வேண்டாமா என்பாள்.

"தாயி, அன்னைக்கு ஒன்கிட்ட கேட்டேன், குடுத்த. நான்தான் தெரியாமக் கேட்டுட்டேன். இன்னைக்கு வேற கேக்கேன். அவிய ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும். பிள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும். ஆனா என் ஆயுசுக்கும் அவிய ஒருத்தர் எலையில ஒருத்தர் கை நனைக்கக் கூடாது. அந்தப் பூட்டு அப்படியே கெடக்கட்டும். கிடா வெட்டுறேன்."

சொல்லும்போது அழவில்லை. கூடப் பிறந்த இருவரையும் சேர்த்து வை என்று அதே இடத்தில் வருடா வருடம் கேட்டவள் அவள்.

நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. அம்மாவோடு எத்தனையோ முறை அங்கே போய், செருப்புக்குக் காவலாக வெளியே நின்றிருக்கிறேன். அன்று உள்ளே போனேன். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கை கூப்பினேன். அவள் கேட்டதையே நானும் கேட்டேன்.